கமெரா வாங்குமுன் பதிவுப் பெட்டியைப் பாருங்கள்

"தம்பி, அஞ்சு நாளைக்கு முன்னம் நடந்ததை இந்தக் கமெராப் பெட்டியில எடுக்கேலுமோ?"

2022 பெப்ரவரியில் ஒரு காலையில் மயிலிட்டியிலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்பு இது. பேசியவர் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட வலை, கயிறு, எஞ்சின் உதிரிப்பாகங்கள் விற்கும் கடைக்காரர். கடையின் பின்பக்கத்தில் பழுதான படகு எஞ்சின்களைத் திருத்தியும் கொடுப்பவர்.

"எடுக்கலாமே அண்ணை, ஒரு மாதம் நிக்கும் எண்டு சொன்னனான்தானே" என்று யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே தைரியமாகச் சொல்லிவிட்டேன். மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்து கணினியைத் திறந்து பார்த்தபோதுதான் முகத்தில் அறைந்தது போல இருந்தது. இருந்ததிலேயே பழைய பதிவு மூன்று நாளுக்கு முந்தியது. அதற்கு முந்திய எல்லாவற்றின் மேலும் புதிய பதிவு எழுதப்பட்டுவிட்டது.

காணாமற் போனது அவருடைய சொந்தப் பொருளல்ல. ஒரு கடற்றொழிலாளி திருத்தத்துக்கு ஒப்படைத்துவிட்டுப் போன 25 குதிரைவலு எஞ்சின். அமானத்தாக இருந்த பொருள். கடைக்காரர் குடும்ப அலுவலாகக் கொழும்பு போயிருந்தார், திரும்பி வந்து பார்க்கும்போது ஐந்து நாட்கள் கடந்துவிட்டன. பின்கதவுப் பூட்டு உடைக்கப்படவில்லை. திறப்பு வைத்திருந்தவன் கடையில் வேலை செய்த பத்தொன்பது வயதுப் பையன். எல்லோருடைய பார்வையும் அவன் மேல் திரும்பியது. அவனோ கமெராவைத்தான் கைகாட்டினான். "நான் எடுக்கேல்லை. கமெராவைப் போட்டுப் பாருங்கோ."

போட்டுக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இந்தக் கடைக்காரர் என்னை நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி நாம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோம். துறைமுகமும் அதைச் சூழ்ந்த காணிகளும் 27 வருடங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டன. திருத்தப்பட்ட துறைமுகம் 2019 ஓகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு இவர் கடனை வாங்கிக் கடையைப் போட்டார். "உங்கட வாப்பாட்டைத்தான் அந்த நாளையில பூட்டும் பிணைச்சலும் வாங்கினனாங்கள்" என்று சொல்லி என்னைத் தேடி வந்தவர். இரண்டு பேரும் பூச்சியத்திலிருந்து தொடங்கியவர்கள். அப்படிப்பட்டவருக்கு நான் கொடுத்த பொருள் தேவைப்பட்ட நாளில் உதவவில்லை.

எங்கே பிழைத்தது? இன்று நம் சகோதரர்கள் பலர் கடை, களஞ்சியம், பள்ளிவாசல் என்று எல்லா இடத்திலும் கமெரா பூட்டுகிறார்கள். வாங்கும்போது கமெரா எத்தனை மெகாபிக்ஸல், இரவில் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். பதிவு செய்யும் கணினி எது, அதற்குள் இருக்கும் டிஸ்க் எது, இரண்டும் அந்தக் கமெராவுக்குப் பொருந்துமா என்று கேட்பவர் குறைவு. அதனால் என் பிழையைக் கணக்கோடு எழுதுகிறேன்.

2019 இறுதியில் நான் கொடுத்தது நான்கு கமெராக்கள், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு கணினி. ஒரு கமெரா செக்கனுக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் அது செக்கனுக்கு அரை மெகாபைட். ஒரு நாளில் 86,400 செக்கன்கள். ஆக ஒரு கமெராவுக்கு ஒரு நாளைக்கு 43.2 கிகாபைட் வேண்டும். நான்கு கமெராவுக்கு ஏறத்தாழ 173. ஒரு டெராபைட் டிஸ்க் ஆறு நாளைக்கும் காணாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படி மென்பொருளை வைத்தால், ஒரு நாளில் மொத்தம் ஆறு மணித்தியாலம்தான் பதிவாகும், 23 நாள் வரும், அதை ஒரு மாதம் என்று சொல்லலாம் என எண்ணிக்கொண்டேன்.

கடற்கரையில் அசைவு இல்லாத நேரம் எது? காற்றுக்குப் பனையோலை ஆடுகிறது. காயப்போட்ட வலை ஆடுகிறது. இரவில் கமெராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வந்து மொய்க்கின்றன, அவற்றைப் பிடிக்கச் சிலந்தி கண்ணாடிக்கு முன்னாலேயே வலை பின்னுகிறது. மென்பொருளுக்கு எல்லாம் ஒன்றுதான், அசைவு. பதிவு இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு 2021இல் மேலும் நான்கு கமெரா பூட்டினோம். டிஸ்கை மாற்றவில்லை. எட்டுக் கமெராவுக்கு நாளொன்றுக்கு 345 கிகாபைட். ஒரு டெராபைட்டை 345ஆல் வகுத்தால் மூன்று நாள்கூட முழுதாக வராது.

நான்கு டெராபைட் டிஸ்கை ஏன் முதலே போடவில்லை? விலைக்கூற்றைக் குறைத்துக் காட்டினால்தான் வேலை கிடைக்கும் என்ற பயம். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் கமெராவில் கைவைக்க முடியாது, உள்ளே இருக்கும் டிஸ்கில் கைவைக்கலாம். மேலே காய்ந்த தானியத்தையும் அடியில் ஈரமானதையும் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். ஜும்ஆப் பிரசங்கத்தில் பல தடவை கேட்டிருக்கிறேன். அது தானியக் கடைக்காரருக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன் போலும்.

சரி, திருத்த வேண்டும். ஆனால் 2022 எப்படிப்பட்ட வருடம் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் முந்நூற்றறுபதுக்குப் போனது. கணினிப் பாகங்களின் விலை நாளுக்கு நாள் மாறியது. எட்டு டெராபைட் டிஸ்க் என்று வாயெடுக்கவே முடியாது. இருக்கிற கமெராவையும் கணினியையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்க்க உட்கார்ந்தபோதுதான் பொருத்தம் என்ற விடயத்தை ஒழுங்காகப் படித்தேன்.

முதலில் கண்டது கமெராவுக்கும் மென்பொருளுக்கும் இடையிலான பொருத்தம். அந்தக் கமெராக்கள் எச்.265 என்ற முறையில் படத்தைச் சுருக்கி அனுப்பக்கூடியவை. பழைய எச்.264 முறையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதி இடத்தில் அதே தரம் வரும். பெட்டியிலும் பெரிதாக அச்சடித்திருந்தது. ஆனால் வந்து பதிவானதோ எச்.264. காரணம் ஒன்விஃப். வேறு வேறு கம்பனிகளின் கமெராவும் மென்பொருளும் ஒன்றோடொன்று பேசுவதற்காக அக்ஸிஸ், பொஷ், சோனி ஆகிய மூன்று கம்பனிகளும் 2008இல் தொடங்கிய அமைப்பு அது. அதில் புரொஃபைல் எஸ், புரொஃபைல் டி என்று வகைகள் உண்டு. எஸ் வகை எச்.265க்கு உத்தரவாதம் தராது. 2018இல் வந்த டி வகைதான் தரும். எங்கள் கமெரா எஸ் வகை மட்டும். இரண்டிலும் ஒன்விஃப் என்று எழுதியிருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று வாங்கியிருந்தேன். பின்னர் அந்தக் கமெராக் கம்பனியின் பெயரையே மென்பொருளின் பட்டியலில் தேடித் தெரிவு செய்தேன். எச்.265 வந்தது. 4 மெகாபிட் 2 ஆனது. ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் ஒரு கதவைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும். எச்.265 படத்தை விரித்துத் திரையில் காட்டக் கணினிக்கு அதிக உழைப்பு வேண்டும். இன்டெல் செயலிகளில் ஆறாம் தலைமுறையிலிருந்துதான், அதாவது 2015க்குப் பிறகு வந்தவற்றில்தான், இதைச் செய்ய உள்ளேயே தனி வசதி இருக்கிறது. அதற்கு முந்திய கணினியில் எட்டுப் படத்தையும் ஒரே திரையில் முழு அளவில் போட்டால் மூச்சு வாங்கும், படம் தாவித் தாவிப் போகும். எங்களுடையது நல்ல வேளையாக ஆறாம் தலைமுறை ஐ3. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருவதை அப்படியே டிஸ்கில் எழுதுவது கணினிக்கு இலேசான வேலை. விரித்துப் பார்ப்பதும், மென்பொருளே அசைவைத் தேடுவதும்தான் பாரமானவை. கமெராக்கள் முழு அளவிலும் சிறிய அளவிலும் இரண்டு விதமாகப் படத்தை அனுப்பும். பெரியதைப் பதிவுக்கும் சிறியதைத் திரைக்கும் என்று பிரித்துவிட்டால் சாதாரணக் கணினியே போதும். இது தெரியாமல் விலை கூடிய செயலி வாங்கிவிட்டு டிஸ்கில் மிச்சம் பிடிப்பவர்களை இப்போதும் காண்கிறேன்.

அடுத்தது டிஸ்க். நான் முதலில் போட்டது வீட்டுக் கணினிக்கான சாதாரண டிஸ்க். அது நாளில் சில மணித்தியாலம் வேலை செய்து மிச்ச நேரம் ஓய்ந்திருக்கும் வாழ்க்கைக்காகச் செய்யப்பட்டது. ஒரு இடத்தை வாசிக்கவோ எழுதவோ முடியாவிட்டால் அது விடாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். உங்கள் கணக்குப் புத்தகம் அதில் இருந்தால் அந்தக் குணம் நல்லது. கமெராப் பதிவில் அதே குணம் கேடு. அது ஒரு பழுதோடு மல்லுக்கட்டும் செக்கன்களில் எட்டுக் கமெராவின் படமும் கதவடியில் காத்திருக்கும், பிறகு கைவிடப்படும். கண்காணிப்புக்கென்று வரும் டபிள்யூ.டி. பேர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் போன்றவை ஒரு படத்துண்டு போனால் போகட்டும் என்று அடுத்ததை எழுதப் போய்விடும். வருடத்துக்கு 180 டெராபைட் வரையான வேலைக்கு என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. நாளொன்றுக்கு 345 கிகாபைட் எழுதினால் வருடத்துக்கு 126 டெராபைட் வருகிறது. சாதாரண டிஸ்கை நான் எங்கே கொண்டுபோய் மாட்டியிருந்தேன் என்பது இப்போது விளங்கும்.

டிஸ்கில் இன்னொரு உள்வீட்டு விடயமும் உண்டு. ஓட்டின் மேல் ஓடு அடுக்குவது போலத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதும் எஸ்.எம்.ஆர். வகை. பழையதை அழித்துப் புதிதாக எழுதும்போது பக்கத்து ஓடுகளையும் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் வேகம் விழும். ஓயாமல் அழித்து எழுதும் பதிவுக்கு இது ஒத்துவராது. பெட்டியில் எழுதியிருக்க வேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனியே தன் ரெட் டிஸ்குகள் சிலவற்றில் இந்த முறை இருப்பதை 2020 ஏப்ரலில், வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் வெளியிட்டது.

புதிது என்று விற்கப்படுவது புதிதுதானா என்பதும் கேள்வி. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், பல ஆயிரம் மணித்தியாலம் ஓடிய சீகேட் டிஸ்குகளைக் கணக்கை அழித்துப் புதியதாகச் சிலர் விற்ற விவகாரம் வெளிவந்தது. அங்கேயே அப்படி. டிஸ்கைக் கையில் வாங்கியதும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அது ஓடிய மணித்தியாலத்தைப் பாருங்கள். கம்பனி இணையத்தளத்தில் தொடர் இலக்கத்தைப் போட்டு உத்தரவாதத் திகதியையும் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம்.

நாங்கள் நான்கு டெராபைட் கண்காணிப்பு டிஸ்க் ஒன்றை வாங்கினோம். பாதி விலை அவருடையது, பாதி என்னுடையது. மாட்டப் போனால் இன்னொரு சிக்கல். நான் கொடுத்திருந்தது வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து, ரீகண்டிஷன் என்று இங்கே வரும் சிறிய கணினி. விலைக்கு நல்ல பொருள், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குள் பெரிய டிஸ்க் ஒன்றுக்குத்தான் இடம். மின்வழங்கியும் கடையில் கிடைக்கும் சாதாரண அளவல்ல, இணைப்பே வேறு. அது செத்தால் அதே மாதிரியைத் தேடி அலைய வேண்டும். பழைய டிஸ்கை எடுத்துவிட்டு, விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யும் பதிவுக்கு நான்கு டெராபைட்டும் போட்டேன். புதிய டிஸ்கைப் பழைய முறையில் தயார்செய்தால் இரண்டு டெராபைட்டுக்கு மேல் கணினி கண்டுகொள்ளாது, ஜி.பி.டி. என்ற முறையைத் தெரிவுசெய்ய வேண்டும். மிச்ச இரண்டு டெராபைட்டையும் இருட்டறையில் பூட்டி வைத்த கடைகள் எனக்குத் தெரியும்.

எட்டுக் கமெரா, 2 மெகாபிட், நாளைக்கு 173 கிகாபைட். டிஸ்கில் பத்து வீதத்தை வெறுமையாக விட்டும் மூன்று கிழமை நிற்கிறது. அசைவு, ஓய்வு என்ற கணக்கெல்லாம் இல்லை, 24 மணித்தியாலமும் பதிவு.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. வேறொரு வாடிக்கையாளரின் கணினியில் அப்போது கண்ட கூத்து இது. மதர்போர்ட்டில் இருக்கும் நாணயம் போன்ற சின்னப் பற்றரி செத்திருந்தது. மின்சாரம் திரும்ப வந்ததும் கணினி விழித்தெழுந்து தான் 2016இல் இருப்பதாக நினைத்துக்கொண்டது. அன்றைய பதிவெல்லாம் 2016 என்று எழுதப்பட்டது. இடம் தேவைப்பட்டதும் மிகப் பழையதை அழிக்கும் மென்பொருள், அந்தப் புதிய பதிவையே முதலில் அழித்தது! நூறு இருநூறு ரூபாப் பற்றரி. திகதி பிழைத்த பதிவு நீதிமன்றத்திலும் கேள்விக்குள்ளாகும். இலத்திரனியல் பதிவுகளைச் சாட்சியாக ஏற்க வழிசெய்யும் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், கருவி ஒழுங்காக இருந்ததையும் பதிவில் கைவைக்கப்படவில்லை என்பதையும் கேட்கிறது. ஆகவே பற்றரியை மாற்றுங்கள், இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும்படி வையுங்கள். மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும்படி பயோஸில் ஒரு தெரிவு இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை கடை குருடு.

யூ.பி.எஸ். பற்றிக் கேட்பார்கள். சாதாரணச் சிறிய யூ.பி.எஸ். கணினியை ஒழுங்காக அணைப்பதற்கு நேரம் தரும், அவ்வளவுதான். கணினி, சுவிட்ச், எட்டுக் கமெரா எல்லாம் சேர்ந்து 120 வாட் என்று வையுங்கள். 100 அம்பியர்-மணி 12 வோல்ட் பற்றரியில் பாதியைத்தான் பழுதில்லாமல் எடுக்கலாம். நான்கு மணித்தியாலத்தைத் தாண்டுவது கஷ்டம். இங்கேதான் என்.வி.ஆர். என்ற ஆயத்தப் பெட்டி வெல்கிறது. டிஸ்கோடு சேர்த்தும் கணினியின் மின்சாரத்தில் பாதிகூடக் கேட்காது. இன்று எட்டுக் கமெரா வரைக்கும் என்னிடம் கேட்டால் பெட்டியைத்தான் சொல்லுவேன். அதிலும் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். மொத்தம் எத்தனை மெகாபிட் உள்ளே எடுக்கும்? எத்தனை டெராபைட் டிஸ்க் வரை ஏற்கும்? பதினாறு கமெரா என்று வெளியே எழுதிவிட்டு, பதினாறும் முழு அளவில் வந்தால் தாங்காத பெட்டிகள் உண்டு. எதுவானாலும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016 ஒக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பலவற்றைச் சில மணித்தியாலம் முடக்கிய மிராய் தாக்குதலுக்குப் படையாகப் பயன்பட்டவை, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கமெராக்களும் பதிவுப் பெட்டிகளும்தான்.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவுக் கேபிள் வேண்டாம். கமெராவுக்கான மின்சாரமும் அதே கம்பியில் போகிறது. உப்புக்காற்றில் அந்த இணைப்புகள் ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பிடிக்கும். சுவிட்சும் கமெராவும் 802.3ஏ.எஃப். என்ற ஒரே தராதரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 24 வோல்ட்டை எந்த நேரமும் தள்ளிக்கொண்டிருக்கும் மலிவுச் சுவிட்சில் 48 வோல்ட் கமெரா எழும்பாது.

பெட்டியை வைக்கும் இடம் நம் சமூகத்துக்கு முக்கியமானது. 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019 மே மாதத்தில் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று நம் கடைகள் தாக்கப்பட்ட ஒவ்வொரு முறைக்குப் பிறகும் எனக்குக் கமெரா கேட்டு அழைப்புகள் கூடின. ஆனால் பதிவுப் பெட்டியைக் காசு மேசைக்குக் கீழேயே வைக்கச் சொல்கிறார்கள். கடை எரிந்தால் அதுவும் எரியும். திருடன் வந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பூட்டிய தனி இடத்தில், காற்றோட்டத்தோடு வையுங்கள். வாசல் கமெரா ஒன்றின் சிறிய படத்தையாவது வீட்டில் இன்னொரு பெட்டிக்கு அனுப்புங்கள். கமெராவின் பார்வை அயல்வீட்டு முற்றத்துக்குள் போகாமல் திருப்பி வைப்பதும் நம் கடமை. அடுத்தவர் அந்தரங்கத்தைத் துருவுவது நமக்குத் தடுக்கப்பட்டது, கமெரா வழியாகத் துருவினாலும் அதுதான்.

மயிலிட்டிக் கடையில் இப்போது ஒவ்வொரு கிழமையும், பதினைந்து நாளுக்கு முந்திய ஒரு பத்து நிமிடப் பதிவைக் கடைக்காரரே எடுத்துப் பார்க்கிறார். வந்தால் எனக்குச் செய்தி இல்லை. வராவிட்டால் உடனே அழைப்பு. துறைமுகத்தில் மூன்றாம் கட்ட வேலைகளை 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி ஆரம்பித்து வைத்த பிறகு, இன்னும் இரண்டு கமெரா போடலாமா என்று கேட்டார். டிஸ்கைப் பெரிதாக்காமல் போடமாட்டேன் என்றேன்.

எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. அதன் பெறுமதியைக் கடைக்காரர் தவணையில் கொடுத்து முடித்தார். பையனை அவர் நிறுத்தவில்லை, அவனாகவே நின்றுவிட்டான். போன மாதம் போனபோது துறையடியில் கண்டேன். படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, இப்ப எத்தினை நாள் நிக்கும்?" என்று கேட்டான்.

"மூண்டு கிழமை" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போனான்.